டம்ளருக்குக் கீழே இருந்த சீட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் சீட்டாட்டம் நடக்கும் என்று சொன்னால் கேட்பவர்களின் முகம் சற்று மாறும். ஓய்வுபெற்ற நீதிபதியின் வீட்டிலா என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. நான்தான் முந்திக்கொண்டு விளக்குவேன். அது பணம் வைத்து ஆடும் ஆட்டம் அல்ல. ராஜா, ராணி உள்ள கட்டும் அல்ல. பூதங்களும் மந்திரக்காரிகளும் பறவைத் தலை கொண்ட வீரர்களும் வண்ணத்தில் அச்சிடப்பட்ட சீட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் அது என்ன செய்ய வல்லது என்று சில வரிகள் இருக்கும். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் காப்பதற்கு ஒரு கோட்டை. எதிராளியின் கோட்டையை எரித்தவர் வென்றவர். பல ஆண்டுகள் எனக்கு இவ்வளவுதான் தெரிந்திருந்தது. மற்றதெல்லாம் என் மனைவிக்குத் தெரியும் என்பதால் நான் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அவள் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தாள். பிளஸ் ஒன் வகுப்பில் ஒருவன் மேஜைக்கு அடியில் வைத்து ஆடிக்கொண்டிருந்த சீட்டுக்கட்டைப் பிடுங்கி, ஆசிரியர் அறை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவன் கேட்டு வரவில்லை. பணி ஓய்வு பெற்ற அன்று மற்ற சாமான்களோடு அந்தக் கட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிறகொரு நாள் அவளுடைய செல்போன் கீழே விழுந்து திரை உடைந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பழுது பார்க்கும் கடைக்கு நானும் உடன் சென்றிருந்தேன். கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தவுடன் எழுந்து நின்றுவிட்டார்.

"உன் சீட்டு என்கிட்டதான் இருக்கு," என்றாள் அவள்.

"டீச்சர், அத இன்னுமா வச்சிருக்கீங்க?"

"எப்படி ஆடறதுன்னு சொல்லிக் குடு. திருப்பித் தரேன்."

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல டீச்சர்? கணக்குல ஒரு பத்து மார்க்காவது சேத்துப் போட்டிருப்பீங்க."

அப்படித்தான் அது தொடங்கியது. முழங்கால் அறுவைக்குப் பிறகு அவளுக்கு ஊசி போட வீட்டுக்கு வந்துபோன செவிலியர் ஒருவர், கட்டிலில் பரப்பியிருந்த சீட்டுகளைப் பார்த்து விசாரித்தார். அடுத்த வாரம் ஊசி இல்லாமலேயே வந்தார். அரியலூரில் சிமெண்ட் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேதியியலராக இருக்கும் ஓர் இளைஞர், இந்த ஆட்டம் ஆடுபவர்கள் அருகில் யாரேனும் உண்டா என்று இணையத்தில் தேடிக் கடைக்காரரைக் கண்டுபிடித்தார். அந்த இளைஞரின் மனைவி கிராம நிர்வாக அலுவலர். தன் கணவர் ஞாயிறுதோறும் பெரம்பலூருக்குப் போய் என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஒரு நாள் முன்னறிவிப்பின்றி வந்தார். அன்று மாலை கணவருடைய கோட்டையை எரித்துவிட்டுத்தான் எழுந்தார். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

சீட்டுகளுக்கு அவர்கள் தங்கள் வசதிக்கு ஏற்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கோட்டைச் சீட்டில் மொட்டைப் பாறைமீது மதில் சுவர் வரைந்திருந்ததால், எங்கள் மாவட்டத்துப் பழைய கோட்டையின் பெயரில், அது ரஞ்சன்குடி. எதிராளியை ஒரு சுற்று ஆடவிடாமல் நிறுத்திவைக்கும் சீட்டு ஒன்று உண்டு. திருச்சி போகும் வழியில் பஸ்ஸை டீக்கடையில் நிறுத்திவிட்டு டிரைவர் காணாமல் போகும் இடம் என்பதால் அது பாடாலூர். "ஒனக்கு பாடாலூர், எறங்கி டீ குடிச்சிட்டு வா," என்று மாடியிலிருந்து குரல் வரும்போது கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் எனக்கும் யார் நிலை என்ன என்று புரியும்.

சீட்டிலுள்ள விதிகள் ஒன்றோடொன்று மோதும்போது சண்டை வரும். அதற்கு என் மனைவி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தாள். சண்டைக்குக் காரணமான சீட்டின்மேல் தேநீர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். சண்டை போடும் இருவரும், தத்தம் கட்சியை அல்ல, எதிராளியின் கட்சியைச் சொல்ல வேண்டும். "ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்" என்று எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை. இருவரும் அப்படி ஒப்புக்கொண்ட பிறகே டம்ளரை எடுக்கலாம். பெரும்பாலான வழக்குகள் அதிலேயே முடிந்துவிடும். முடியாதவற்றுக்கு அவள் தீர்ப்புச் சொல்வாள். மாடிக்கு என்று இருந்தவை ஆளுக்கு ஒன்றாக ஐந்தே எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்று சீட்டின்மேல் போய்விட்டால் ஒருவருக்குக் குறையும். அன்றைக்கு அவள் தன் தேநீரை டவராவில் ஊற்றிக் குடிப்பாள். படியிறங்கி வரும்போது அவள் கையில் டவரா இருந்தால் மேலே வழக்கு இருக்கிறது என்று பொருள்.

அவள் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று அந்த மேஜையின் சட்டமாகவே ஆகிவிட்டது. மந்திரக்காரி ஒருத்தி மந்திரத்தைச் சொல்லிவிட்டாள். அது பலிப்பதற்கு முன் எதிராளி அவளைக் கொன்றுவிட்டார். மந்திரம் என்ன ஆகும்? மந்திரக்காரி போனால் மந்திரமும் போயிற்று என்பது அவள் தீர்ப்பு.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவள் இறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நால்வரும் வெளிக்கதவருகே வந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கடைக்காரர் தடுமாறினார்.

"சார், நாங்க வேற எடம் பாத்துக்கலாம்னு இருக்கோம். உங்களுக்குத் தொந்தரவா..."

"மாடி திறந்துதான் இருக்கிறது," என்றேன்.

அது பெருந்தன்மை அல்ல. வாரத்தின் மற்ற நாள்களில் அந்த வீட்டில் கேட்கும் சத்தமெல்லாம் நான் உண்டாக்கும் சத்தம்: நான் திறக்கும் குழாய், நான் வைக்கும் தட்டு, நான் இழுக்கும் நாற்காலி. ஞாயிறு பிற்பகலில் மட்டும் என் தலைக்கு மேலே நான்கு பேர் நாற்காலிகளை இழுப்பார்கள், ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்பார்கள், சிரிப்பார்கள். மாடிக்கு நான் போவதில்லை. தேநீரைப் பாதிப் படிவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆனால் வாரம் முழுவதையும் நான் அந்தப் பிற்பகலைப் பற்றிக்கொண்டுதான் கடந்தேன். அந்த மேஜை கலைந்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்பதை நான் அறிந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து வந்த ஞாயிறு என்று நினைவு. வேதியியலருக்கும் செவிலியருக்கும் கடைசி ஆட்டம். வேதியியலரின் மந்திரக்காரி நெருப்பை ஏவிவிட்டாள். அது செவிலியரின் ரஞ்சன்குடியைத் தொடுவதற்கு முன் செவிலியர் ஒரு பூதத்தை இறக்கி அவளைக் கொன்றார். மேஜையின் சட்டப்படி நெருப்பு அணைந்தது, கோட்டை பிழைத்தது. ஆனால் வேதியியலர் ஒப்பவில்லை. ஆட்டத்தின் விதிநூலில் வேறு மாதிரி இருக்கிறது, ஏவிய நெருப்பு ஏவியதுதான், நான் ஜெயித்துவிட்டேன் என்றார். டம்ளர் மேஜையில் கவிழும் ஓசை கேட்டது. பிறகு குரல்கள் வழக்கத்துக்கு மேல் உயர்ந்தன. நான் படியேறிக் கதவருகே போய் நின்றேன்.

"இது டீச்சர் வூடு. டீச்சர் வச்சதுதான் இங்க ரூலு," என்றார் செவிலியர்.

"அப்ப புக்கு எதுக்கு? தூக்கிப் பரண்ல போட்டுடலாமா?"

"போடுங்க. அவங்க இருந்தப்ப வாயத் தெறக்கல..."

"தெறக்கலையா? நானா?" வேதியியலர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "செத்தவங்கள வச்சு ஜெயிக்கப் பாக்காதீங்க சிஸ்டர்."

செவிலியர் கைப்பையை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து இறங்கினார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. அடுத்து அரியலூர்த் தம்பதி. வாசலில் காரைத் திறந்தபடி அலுவலர் அம்மாள், "அடுத்த வாரம் பாக்கலாங்க சார்," என்று சொன்ன விதத்தில் அடுத்த வாரம் என்ற ஒன்று இருக்கவில்லை.

மறுநாள் வீட்டைப் பெருக்க வரும் அம்மாள் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஐயா, மேசையில ஒரு டம்ளரு கவுந்து கெடக்கு. கழுவ எடுத்துக்கவா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

"அடியில பல்லி கில்லி புடிச்சு வச்சிருக்கீங்களா?"

"இல்லை. ஒரு வழக்கு."

பிறகு டம்ளரைச் சுற்றித் துடைக்கும் சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கடைக்காரர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், நீங்கதான் ஒரு தீர்ப்பு சொல்லணும். சிஸ்டர் இனிமே வரலங்கறாங்க. அரியலூர்க்காரரு போனையே எடுக்கல. அவங்க ரெண்டு பேரும் வரலன்னா நான் மட்டும் வந்து எங்கூட நானே ஆட முடியாது."

என்னால் முடியாது என்றேன். தனக்குச் சம்பந்தம் உள்ள வழக்கை ஒரு நீதிபதி விசாரிப்பதில்லை. கேள்விக்குள்ளான தீர்ப்பு என் மனைவியுடையது, வீடு என்னுடையது. இரு வகையிலும் நான் விலகிக்கொள்ள வேண்டியவன்.

"சரிங்க சார். அப்ப சம்பந்தமில்லாத ஜட்ஜ் ஒருத்தரு பெரம்பலூர்ல எங்க இருக்காருன்னு சொல்லுங்க, போயிக் கூட்டிட்டு வரேன். பூதம்னா என்ன, மந்திரக்காரின்னா என்னன்னு நீங்களே அவருக்குச் சொல்லிக் குடுங்க."

என் சம்பந்தத்தை இரு தரப்பும் அறிந்து ஏற்றுக்கொண்டால் விசாரிக்கிறேன் என்றேன். அவர் அன்றே செவிலியரை நேரில் பார்த்தும் அலுவலர் அம்மாளைப் போனில் பிடித்தும் இரு தரப்பின் ஒப்புதலையும் வாங்கி, தன் கடையில் விதிநூலை அச்செடுத்துக்கொண்டு வந்து தந்தார்.

இரண்டு பகல்கள் அதைப் படித்தேன். சற்று ஏளனத்தோடுதான் தொடங்கினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சில பக்கங்களுக்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன். பூதங்களைப் பற்றியது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். பொது விதி எது, விலக்கு எது என்பதில் ஐயமில்லை. என் பணிக்காலத்தில் நான் பொருள் கண்டு சொல்ல வேண்டியிருந்த சில சட்டங்களை இவ்வளவு கவனத்தோடு எழுதியிருந்தால் பல குடும்பங்களின் நிலத்தகராறு ஒரு தலைமுறை முன்னதாகவே முடிந்திருக்கும். எங்கள் வழக்குக்கு உரிய பகுதியும் தெளிவாக இருந்தது. ஏவப்பட்ட மந்திரம் ஏவியவளைச் சார்ந்து நிற்பதில்லை. அவள் மேஜையை விட்டு நீங்கினாலும் அது தன் வழியில் சென்று பலிக்கும்.

விதி வேதியியலர் பக்கம் இருந்தது. என் மனைவியின் தீர்ப்பு விதிக்கு மாறானது.

பென்சிலைக் கீழே வைத்தேன். அவள் இறந்தது முதல் வந்தவர் போனவர் எல்லோரும் அவளைப் பற்றி நல்லதையே சொல்லியிருந்தார்கள். நானும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொல்லை ரத்து செய்து முதலில் எழுதப்போகிறவன் நான் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மேஜைக்கு அதன் வழக்கமே சட்டம் என்று சொல்லி அவளை நிலைநிறுத்த வாதங்கள் இருந்தன, நல்ல வாதங்கள். ஆனால் அப்படிச் செய்தால் அரியலூர்க்காரர்கள் வரமாட்டார்கள். ரத்து செய்தால் செவிலியர் வரமாட்டார். எப்படித் தீர்ப்பளித்தாலும் பாதி மேஜை காலியாகும். பாதி மேஜையில் அந்த ஆட்டம் நடக்காது.

கடைக்காரரை அழைத்து, இந்த விதி அவளுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் சார். ஆரம்பத்துலயே நான் காட்டினேன். 'இத எழுதுனவங்க உங்க சண்டையப் பாக்கல'ன்னாங்க."

வியாழக்கிழமை மாலை பஸ் ஏறி அரியலூர் சென்றேன். எதிரே வந்த சிமெண்ட் லாரிகளின் புழுதிக்காகக் கண்டக்டர் ஜன்னல் கண்ணாடிகளை மூடச் சொல்லிக்கொண்டே வந்தார். வேதியியலர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். வீட்டுக்கு அழைத்துச் சென்றார். உள்ளே போய் அமர்ந்தவுடன், நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"நான் அந்த வார்த்தைய சொல்லியிருக்கக் கூடாது சார். உங்க காதுல விழுந்தது எனக்குத் தெரியும்."

"அதை விசாரிக்க நான் வரவில்லை. உங்கள் கட்சியைச் சொல்லுங்கள்."

"என் கட்சி ஒண்ணும் புதுசு இல்ல சார். ஆரம்பத்துல டீச்சர்கிட்ட வாரா வாரம் இதச் சொல்லுவேன். அவங்க வாரா வாரம் தள்ளுபடி பண்ணுவாங்க. 'ஒன் அப்பீல் தள்ளுபடி, டீயக் குடி'ம்பாங்க. நானும் குடிச்சிட்டு அடுத்த வாரம் மறுபடி சொல்லுவேன். சிஸ்டர் அப்ப எங்ககூட ரெகுலரா இல்ல, நைட் டூட்டியில இருந்தாங்க, அவங்களுக்குத் தெரியாது. இப்ப எல்லாரும் டீச்சர் சொன்னத சாமி வாக்கு மாதிரி ஆக்கிட்டாங்க. நான் மட்டும் இன்னும் அவங்களோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன் சார். எனக்கு அத நிறுத்தத் தெரியல."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அலுவலர் அம்மாள் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றார்.

"சார், நான் ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

"கேளுங்கள்."

"மந்திரக்காரி போனா மந்திரமும் போச்சு. இது டீச்சர் சொன்னது. சரிங்களா? அப்ப டீச்சர் போனதோட அவங்க சொன்ன இந்த ரூலும் போச்சு. இல்ல, போகல, நிக்குதுன்னு சிஸ்டர் சொன்னா, சொன்னவங்க போனாலும் சொன்னது நிக்கும்னு ஆகுது. அதத்தான சார் எங்க வீட்டுக்காரரும் சொல்றாரு? எப்படிப் போனாலும் சுத்திச் சுத்தி இங்கதான வந்து நிக்குது? நான் பட்டா மாறுதல்ல கூட இப்படி ஒரு சிக்கலப் பாத்ததில்லீங்க."

சொன்ன பிறகே யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேதியியலர் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் கலக்கம் மிகுந்திருந்தது.

நான் சிரித்தேன். சிறிதாகத் தொடங்கியது, நிறுத்த முடியவில்லை. டம்ளர் கையில் ஆடியதால் கீழே வைக்க வேண்டியதாயிற்று. பல மாதங்களாக அந்த ஓசையை நான் கேட்டிருக்கவில்லை. முதலில் அது என்னுடையது என்றே தெரியவில்லை. இந்த முடிச்சை அவள் கேட்டிருந்தால் எப்படி மகிழ்ந்திருப்பாள் என்று நினைத்தேன். கணக்காசிரியை, இப்படிப்பட்ட முடிச்சுகள் என்றால் அவளுக்கு உயிர். அவளை நினைத்ததும் வலிக்காமல் இருந்தது அதுவே முதல் முறை. பிறகு அவர்களும் சிரித்தார்கள், முதலில் அச்சத்தோடும் பின்னர் அச்சமின்றியும்.

ஞாயிறு வந்தது. வெளிக்கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அரியலூர்த் தம்பதி முதலில் வந்தார்கள். கடைக்காரர் செவிலியரை அழைத்துவரப் போயிருந்தார், நேரம் சென்றுகொண்டிருந்தது. தேநீருக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அணைத்தேன், மறுபடி வைத்தேன், மறுபடி அணைத்தேன். கதவருகே கடைக்காரரின் குரல் கேட்டது: "வாங்க சிஸ்டர், தோத்தாலும் டீ உண்டு." அவர் பின்னால் செவிலியர், பணி முடிந்து நேராக வந்த வெள்ளை உடையில்.

அவள் இறந்த பிறகு முதன்முறையாக மாடி அறைக்குள் போய் அமர்ந்தேன். மேஜை நடுவே டம்ளர் கவிழ்ந்தபடி இருந்தது. வழக்கப்படி எதிராளியின் கட்சியை முதலில் சொல்ல வேண்டும் என்றேன். செவிலியரைத் தொடங்கச் சொன்னேன். அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு டம்ளரைப் பார்த்தார்.

"டாக்டர் மருந்து எழுதிட்டு டூட்டி முடிஞ்சு வூட்டுக்குப் போயிடறாரு," என்றார். "அதுக்காக நான் அந்த மருந்தக் குடுக்காம இருக்க மாட்டேன். எழுதுனது எழுதுனதுதான். எழுதுனவரு பக்கத்துல நிக்கணும்னு இல்ல." நிமிர்ந்து வேதியியலரைப் பார்த்தார். "நீங்க சொல்றது இதான?"

"ஆமாங்க சிஸ்டர். நான்கூட இவ்ளோ நல்லாச் சொல்லல."

"சிஸ்டர், ஒங்க கேச நீங்களே கெடுத்துக்கிறீங்க," என்றார் கடைக்காரர்.

"நீ சும்மா இருடா."

அடுத்து வேதியியலர். அவர் செவிலியருக்காகப் பேசவில்லை. நேராக என் மனைவியின் கட்சியைப் பேசினார். "ஆரம்பத்துல யாருக்கும் சரியா ஆடத் தெரியாது. செத்த சீட்டெல்லாம் ஒரு பக்கம் குமிஞ்சு கெடக்கும். அது ஏவுனது பாக்கி இருக்கு, இது ஏவுனது பாக்கி இருக்குன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவோம். யாருக்கும் நெனப்பு இருக்காது. பொய்யும் சொல்லுவோம்."

"நாந்தான் அதிகம் சொன்னேன்," என்றார் அவருடைய மனைவி.

"ஒரு நாள் சண்ட முத்திப்போச்சு. அப்பதான் டீச்சர் சொன்னாங்க, மேஜையில இல்லாததுக்காக மேஜையில இருக்கிறவங்க அடிச்சுக்கக் கூடாதுன்னு. மந்திரக்காரி போனா மந்திரமும் போச்சுன்னு வச்சுக்கங்க, எல்லாரும் நிம்மதியா ஆடலாம்னாங்க." செவிலியரின் பக்கம் திரும்பினார். "அது ரூலு இல்ல சிஸ்டர். எங்கள உக்கார வைக்கிறதுக்கு ஒரு வழி."

செவிலியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இது தெரியாது," என்றார். "ஆமா. நான் சொல்ல வந்தது இதான்."

அதன் பிறகு தீர்ப்புச் சொல்வது எளிதாக இருந்தது. ஓர் ஆட்டம் எந்த விதியை நம்பித் தொடங்கப்பட்டதோ அந்த விதியின்படிதான் முடிய வேண்டும்; நடுவில் விதியை மாற்றி ஒருவரைத் தோற்கடிப்பது முறையாகாது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையின் ஆட்டத்தில் நெருப்பு அணைந்தது, செவிலியரின் கோட்டை நின்றது, வெற்றி அவருடையது. பழைய ஏற்பாடு ஒரு தேவைக்காக ஏற்பட்டது. இப்போது ஆடுபவர்களுக்கு ஆட்டம் தெரியும். ஏவியது எது, நிலுவையில் உள்ளது எது என்பதை நினைவில் வைக்கவும் தெரியும். தேவை தீர்ந்தபடியால் ஏற்பாடும் முடிகிறது. அடுத்த ஆட்டம் முதல் விதிநூலின்படி, ஏவப்பட்டது ஏவியவளுக்குப் பின்னும் நிற்கும்.

சொல்லி முடித்தேன். என் மனைவியின் தீர்ப்பை அவளுடைய அறையில் அமர்ந்து நான் மாற்றியிருந்தேன். எதுவும் இடிந்து விழவில்லை. மாறாக, அவள் சொல்லை மலர் சாத்தி வைக்காமல் மறுபடி எடுத்துப் பேச முடியும், மறுக்க முடியும், அதற்குக் காரணம் கேட்டுக் காரணத்தைக் கண்டடையவும் முடியும் என்று தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தோம்.

"இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் உண்டுங்களா சார்?" என்று கேட்டார் அலுவலர் அம்மாள்.

"உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை."

செவிலியர் கை நீட்டி டம்ளரை எடுத்தார். மந்திரக்காரி ஒரு வாரமாகக் கிடந்த இடத்திலேயே கிடந்தாள், பச்சைப் புடவையும் விரித்த கூந்தலுமாக. பெருக்கும் அம்மாள் சுற்றித் துடைத்திருந்த இடம் மட்டும் மேஜையில் பளிச்சென்று இருந்தது. செவிலியர் சீட்டை எடுத்துச் செத்த சீட்டுகளின் மேல் வைத்தார்.

"ஜெயிச்சுக்கங்க சிஸ்டர்," என்றார் வேதியியலர். "இதான் கடைசி. இனிமே எரிஞ்சா எரிஞ்சதுதான்."

"பேசாம கட்டக் கலைங்க. பாடாலூர எடுத்து மடியில ஒளிச்சு வச்சுக்காதீங்க."

"நானா?"

"போன வாரம் பாத்தேன்."

நான் எழுந்து கீழே வந்தேன். பால் தயாராக இருந்தது. தேயிலையைப் போட்டுக் கொதிக்கவிட்டு நின்றேன். மேலே நாற்காலிகள் இழுபட்டன. சீட்டுகள் கலையும் சத்தம். கடைக்காரர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்தபோது செவிலியரின் குரல் உயர்ந்தது. "அதெப்படி? ஏவுனா நிக்கும்னுதான் சார் சொன்னாரு. ரெண்டு தடவ எரியும்னு சொல்லல." அலுவலர் அம்மாள், "நிக்கும்னா முழுசா நிக்கும்," என்றார். "ஒங்க ஊர் பட்டா மாதிரி ஒரே நெலத்துக்கு ரெண்டு பேரா?" என்று கடைக்காரர் கேட்டார். அதற்கு மேல் யார் என்ன சொன்னார் என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

பிறகு மேஜையில் டம்ளர் கவிழும் ஓசை தெளிவாகக் கேட்டது.

அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் படியிறங்கவில்லை. "சரி, நீங்க என் கட்சியச் சொல்லுங்க," என்று செவிலியர் சொல்வது கேட்டது.

ஒரு டம்ளர் மேலே சீட்டின்மேல் போய்விட்டது. மீதமிருந்த நான்கு டம்ளர்களில் அவர்களுக்கான தேநீரை ஊற்றினேன். எனக்கு உரியதை டவராவில் ஊற்றிக்கொண்டேன். தட்டை எடுத்துக்கொண்டு படியேறினேன். இந்த முறை பாதிப் படியில் நிற்கவில்லை.